தானியங்கி கேமராவில் விலங்கு சிக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

வரப்பில் முள்ளம்பன்றி முள் கிடக்கிறது. கிணற்று மேட்டில் மரநாய் போட்ட எச்சத்தில் பழக்கொட்டைகள் தெரிகின்றன. அங்கேயே கட்டிவைத்த தானியங்கி கேமராவைத் திறந்தால் ஆடும் புல் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. புதிதாகக் கேமரா வாங்கும் பலரும் வந்து நிற்கும் இடம் இது. கேமரா மட்டம் என்று முடிவுகட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கேமராவில் கோளாறு இருப்பதில்லை. அதன் சென்சார் எதைப் பார்க்கிறது என்று யோசிக்காமல், நம் கண்ணுக்கு வசதியாகத் தெரியும் இடத்தில் கட்டிவிடுகிறோம்.

லென்ஸுக்குக் கீழே பால் வெள்ளையில் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதன் பின்னால்தான் சென்சார் இருக்கிறது. அது உருவத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. அந்தத் தகடு எதிரே உள்ள இடத்தைப் பல கீற்றுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. சுற்றியுள்ள மண், பாறை, செடியைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கும் ஒன்று ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்குத் தாண்டும்போது சென்சார் கேமராவை எழுப்பும். கீழே வரும் பல கோளாறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் சொந்தத் தோட்டத்துக்கும், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு கட்டும் நிலத்துக்கும்தான். காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எதுவானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவோடு உள்ளே போகாதீர்கள்.

ஒரு படம்கூடப் பதியவில்லை

மெமரி கார்டிலிருந்து தொடங்குங்கள். கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டு விசை இறங்கியிருந்தால் எதுவும் பதியாது. செருகும்போதும் பையில் உரசும்போதும் அது தானாகவே இறங்கிவிடும். அடுத்து கொள்ளளவைப் பாருங்கள். பல கேமராக்கள் 32 ஜிபி வரைதான் ஏற்கும். அதற்கு மேற்பட்ட கார்டைப் போட்டால் சில கேமராக்கள் பிழை காட்டும், சில எதுவும் சொல்லாமல் சும்மா இருக்கும். கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல் கேமராவிலேயே செய்துவிடுவது நல்லது. ஃபோனில் இருந்த மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகிப் போடுவதைத் தவிருங்கள். ஈரத்திலும் அதிர்விலும் அதன் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

கார்டில் குறையில்லை என்றால் கேமராவின் ஆன்-டெஸ்ட் விசையைப் பாருங்கள். நிறைய பேர் கேமராவை டெஸ்ட் நிலையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆன் நிலைக்குத் தள்ளியதும் முன்பக்கச் சிவப்பு விளக்கு சில விநாடிகள் மினுக்கிவிட்டு அணையும். அது அணைவதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

தோட்டத்துக்கு எடுத்துப்போவதற்கு முன் வீட்டு முற்றத்தில் சாயங்காலம் ஒருமுறை கட்டி, எதிரே குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்துச் சோதிக்க வேண்டாம். உடம்பிலிருந்து வரும் வெப்பக்கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. மழைக்குப் பாதுகாப்பாகக் கேமரா முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ வைப்பதும் சென்சாரின் கண்ணைக் கட்டுவதாகத்தான் முடியும். மழைக்கு மேலே ஒரு சின்னக் கூரை போதும்.

நூற்றுக்கணக்கில் படங்கள், எதிலும் விலங்கு இல்லை

அதிகம் கேட்கப்படும் குறை இது. படங்களை அழிப்பதற்கு முன் அவை எடுக்கப்பட்ட நேரத்தைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

வெற்றுப் படங்கள் முற்பகலிலிருந்து மாலை வரை குவிந்து, இரவில் இல்லாமல் இருந்தால் வெயிலும் காற்றும்தான் காரணம். வெயிலில் காய்ந்த இலையோ புல்லோ சூடாகிறது, காற்றில் கீற்று விட்டுக் கீற்று தாண்டுகிறது. சென்சாருக்கு அது விலங்கு மாதிரியேதான் தெரியும். கேமரா முன்னால் நாலைந்து மீட்டருக்கு உயரமான புல்லையும் உன்னிச்செடிக் கிளையையும் ஒதுக்கிவிடுங்கள். மரத்தை வெட்ட வேண்டியதில்லை, எதிரே ஆடும் சில தழைகளைக் கிள்ளினாலே போதும். மறைவு மொத்தத்தையும் சுத்தம் செய்துவிட்டால் விலங்கு அந்த வழியையே மாற்றிக்கொள்ளும்.

கேமரா கட்டியிருக்கும் மரமே ஆடினாலும் இதேதான் நடக்கும். ஒல்லியான சீமைக்கருவேலத் தண்டில் கட்டினால் காற்றடிக்கும்போது கேமரா பார்க்கும் காட்சி மொத்தமும் அசைகிறது. பருத்த அடிமரம் தேடுங்கள். தென்னை ஆடாமல் நிற்கும்தான், ஆனால் காய்ந்த மட்டை விழும் பக்கம் பார்த்துக் கட்ட வேண்டும். நல்ல மரம் இல்லாத இடத்தில் ஒரு கல்தூண் அல்லது ஊன்றிய இரும்புக் கம்பம் இவற்றையெல்லாம்விட உறுதி.

கேமரா பார்க்கும் திசையும் முக்கியம். கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் காலையிலும் மாலையிலும் வெயில் நேரே லென்ஸில் விழும், படமும் வெளிறும். வெளிநாட்டுக் கையேடுகளில் வடக்கு பார்க்கக் கட்டு என்று கண்டிப்பாக எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் அவ்வளவு கறார் வேண்டாம். சென்னைப் பக்கத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் இருக்கிறது. வடக்கோ தெற்கோ, தாழ்ந்த வெயில் நேரே படாமல் இருந்தால் சரி.

இரவில் வெற்றுப் படங்கள் வந்தால் கதை வேறு. அப்போது பெரும்பாலும் விலங்கு உண்மையில் வந்திருக்கிறது, கேமரா விழிப்பதற்குள் கடந்துபோய்விட்டது. கீரி, முயல், நரியெல்லாம் ஒரு மீட்டர் தூரத்தை நொடிக்குள் தாண்டும். கேமரா பாதைக்குச் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் இருந்தால் வால் நுனிகூடக் கிடைக்காது. கேமராவைப் பாதைக்குச் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகை கோணத்தில் திருப்பிவிடுங்கள். விலங்கு படச் சட்டத்துக்குள் கூடுதல் நேரம் இருக்கும், அதே சமயம் கீற்றுகளையும் தாண்டும். சென்சார் ஒருமுறை எழுப்பினால் மூன்று படம் எடுக்கும்படி வையுங்கள். படங்களுக்கு இடையிலான காத்திருப்பு நேரத்தைக் குறைத்துவிடுங்கள், ஏனென்றால் தாய்க்குப் பின்னால் குட்டி வரும். வீடியோவில் வைத்திருந்தால் பல கேமராக்கள் விழிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். குறுகிய தடத்தில் படம்தான் நம்பகமானது. தண்ணீர்த் தொட்டி, பழம் உதிரும் மரத்தடி மாதிரி விலங்கு நின்று நிதானிக்கும் இடங்களில் வீடியோ வைக்கலாம்.

தேடும் விலங்கு அரிதாகத்தான் விழும் என்பதையும் மனதில் வையுங்கள். 2018-19 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கின்னஸ் சாதனையாகப் பதிவான அந்த வேலையில் கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றில் புலி இருந்தவை 76,651, சிறுத்தை இருந்தவை 51,777. தேர்ந்த ஆட்கள் தடம் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்களிலேயே நிலைமை இதுதான்.

தடம் இருக்கிறது, எச்சம் இருக்கிறது, படம் இல்லை

கோடையில் இது கூடும். சென்சாருக்கு வேண்டியது வெப்ப வேறுபாடு. மார்கழிக் குளிரில் முயலின் உடம்பு பளிச்சென்று தெரியும். சித்திரை, வைகாசியில் மண்ணும் பாறையும் சூடேறி, விலங்கின் மயிர்ப்பரப்பு வெப்பமும் பின்புற வெப்பமும் ஏறக்குறைய சமமாகும் நேரத்தில் கண்முன்னே நடந்துபோகும் மான்கூட அதற்குத் தெரியாது. வெயில் காலத்தில் சென்சாரின் உணர்திறனை உச்சத்தில் வையுங்கள், மழைக்கும் குளிருக்கும் நடுத்தரத்துக்கு இறக்குங்கள். தடத்துக்கும் கேமராவுக்கும் இடையில் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் வேண்டாம். பின்புறம் நிழலாகவோ ஈரமாகவோ இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். கோடையில் வாய்க்கால் கசிவும் தொட்டி ஓரமும் நல்ல படம் தருவதற்கு விலங்கு தண்ணீருக்கு வருவது மட்டும் காரணம் இல்லை. ஈர மண் குளிர்ந்திருப்பதால் அதன் முன்னால் விலங்கின் வெப்பம் தனியாகத் தெரிகிறது.

அடுத்த காரணம் உயரம். நம் நெஞ்சு உயரத்தில் கட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மரநாய், புனுகுப்பூனை, கீரி எல்லாம் கேமராவின் பார்வைக்குக் கீழேயே போய்விடும். முழங்கால் உயரத்தில் கட்டுங்கள், முகம் கீழே கவிழாமல் நிலத்துக்கு இணையாக இருக்கட்டும். மேட்டு நிலமாக இருந்தால் மேட்டின் சாய்வுக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். கட்டி முடித்ததும் டெஸ்ட் நிலையில் வைத்து, தடத்தில் நான்கு காலில் தவழ்ந்து பாருங்கள். விளக்கு எங்கே எரிகிறது, எங்கே எரியவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

நேராகக் கேமராவை நோக்கி வரும் விலங்கைச் சென்சார் தாமதமாகத்தான் உணரும், அது கீற்றுகளைத் தாண்டாமல் ஒரே கீற்றுக்குள்ளேயே வருகிறது. வரப்பின் முனையில் வரப்பைப் பார்த்தபடி கட்டுவதால் வரும் சிக்கல் இது. கிளுவை வேலியில் ஓர் ஓட்டை, கம்பி வேலிக்கு அடியில் பறித்த பள்ளம், ஓடையைக் கடக்கும் இடம், இப்படி விலங்கு குறுக்கே கடந்தே ஆக வேண்டிய இடங்கள் பல மடங்கு பலன் தரும்.

உடும்பு, பாம்பு, ஆமைக்குச் சென்சாரை நம்பாதீர்கள். அவற்றின் உடம்பு சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே ஒட்டியிருக்கும். வெயில் காய்ந்து முடித்த உடும்பு நிழல் தரையில் நடந்தால் சில சமயம் விழும், அவ்வளவுதான். பொந்துக்கு எதிரே வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் டைம்லேப்ஸ் முறையைப் பகல் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். தேவாங்குக்கும் தரையில் கட்டிய கேமரா உதவாது. அது கிளையிலேயே மெதுவாக நகரும் சிறிய உயிர். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் போன்ற காடுகளில் அதைக் கணக்கெடுப்பவர்கள் இரவில் சிவப்பு வெளிச்சத் தலைவிளக்கோடு நடந்து, மின்னும் கண்களைத் தேடுகிறார்கள்.

இரை வைத்து வரவழைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கோழிக்கழிவு போட்டால் நாய்கள் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தையும் வரலாம். பழம் வைத்தால் காட்டுப்பன்றியைத் தோட்டத்துக்குப் பழக்கிவிடுகிறோம். படம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் தங்கிவிடும், அதன் விலையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடுப்பார்.

இரவுப் படம் வெள்ளையாக வெளிறுகிறது, அல்லது இருண்டுபோகிறது

நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டும் சுற்றிலும் இருட்டும் இருந்தால், லென்ஸுக்கு அருகில் ஏதோ இலை இருக்கிறது. அகச்சிவப்பு விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்புகிறது, கேமரா அந்த இலைக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. மழை பிடித்த சில வாரங்களில் புல் இடுப்பளவு வந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறை கார்டு மாற்றும்போதும் முன்பக்கத்தைப் பாருங்கள். குறுக்கே வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் சிலந்தி வலை. விலங்கு மட்டும் வெளிறி மற்றதெல்லாம் சரியாக இருந்தால் தடத்துக்கு மிக நெருக்கமாகக் கட்டியிருக்கிறீர்கள். கேமராவைப் பின்னால் நகர்த்துங்கள், இடம் இல்லையென்றால் விளக்குகளில் பாதியை மெல்லிய வெள்ளை டேப்பால் மூடலாம்.

படம் முழுக்க இருட்டு, இரண்டு கண்கள் மட்டும் மின்னுகின்றன என்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பகலில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் கேமரா, இரவில் விளக்கை எரிக்கும்போது பெரிய அளவில் இழுக்கிறது. இறங்கிப்போன பேட்டரி பகல் படத்துக்குத் தாக்குப்பிடித்து இரவில் கைவிடும். பேட்டரி புதிதாக இருந்தும் இருட்டு என்றால் விளக்கின் வகையைப் பாருங்கள். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் எட்டும், ஆனால் எரியும்போது மங்கிய சிவப்பு தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு ஓடையின் அக்கரையைப் படம் பிடிக்க முடியாது. விளக்கு எரிகிறதா என்று சந்தேகமாக இருந்தால், இருட்டில் ஃபோனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள். பெரும்பாலான ஃபோன்களில் அந்த ஒளி ஊதாவாகத் தெரியும்.

ஓடும் விலங்கு புகைபோல இழுபட்டுத் தெரிவது கோளாறு அல்ல, இரவில் ஷட்டர் மெதுவாக வேலை செய்வதால் வருவது. விலங்கு நடை தளரும் இடத்துக்கு, அதாவது வேலி ஓட்டைக்கோ மேட்டு ஏற்றத்துக்கோ, மாற்றிக் கட்டினால் குறையும்.

பகல் படம் ஊதா நிறத்தில் வருகிறது

உள்ளே ஒரு சிறிய வடிகட்டி பகலில் லென்ஸின் வழியை மூடும், இரவில் விலகும். அது பாதியில் சிக்கினால் பகல் படம் ஊதாவாகும் அல்லது இளஞ்சிவப்பாகும். முன்பக்கத்தைக் கையால் மூடித் திறந்து பாருங்கள், டிக் என்ற சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டி, பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். இரவுப் படத்துக்கு மட்டும் அந்தக் கேமராவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

மேலே சொன்ன வெற்றுப் படங்களைக் குறைத்தாலே பாதி சரியாகும். மற்றபடி, டார்ச்சுக்கும் கடிகாரத்துக்கும் போடும் மலிவான பேட்டரி இங்கே ஆகாது. ஆல்கலைன் குறைந்தபட்சத் தேவை. அதன் வோல்டேஜ் 1.5இலிருந்து படிப்படியாக இறங்கும், அதனால் இரவுப் படங்கள் நாளாக நாளாக மங்கும். திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான், ஆனால் கடைசி வரை அதிலேயே ஏறக்குறைய நிற்கும். பேட்டரி வகை கேட்கும் செட்டிங்ஸ் இருந்தால் சரியாகக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் புதுப் பேட்டரியையே தீர்ந்தது என்று காட்டும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். ஒன்று செத்தால் மற்றவற்றையும் இழுத்துவிடும், ஒழுகியும் விடும்.

சிம் போட்ட கேமரா படம் அனுப்பாவிட்டால், வாங்கிய நாட்டின் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த மாடல்கள் பலவும் இங்குள்ள 4ஜி அலைவரிசைகளைப் பிடிக்காது.

தேதியும் நேரமும் தப்பு

சில கேமராக்களில் பேட்டரி மாற்றும்போது கடிகாரம் ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். படங்களை வீணென்று எறிய வேண்டாம். கார்டை எடுக்கும்போது உங்கள் ஃபோனில் நேரத்தைக் காட்டி, அதைக் கேமரா முன் பிடித்து ஒரு படம் எடுக்க வையுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பழைய படங்களைத் திருத்திக்கொள்ளலாம். கட்டும்போதும் இதையே செய்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

லென்ஸில் பனி, உள்ளே எறும்பு

ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் விடியற்காலைப் படங்கள் எல்லாம் மங்கினால் வெளிப்பக்கம் பனி படிகிறது. வெயில் ஏறியதும் தெளிந்துவிடும். பகலிலும் மங்கல் போகவில்லை என்றால் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது. கதவின் ரப்பர் விளிம்பில் மண்ணோ முடியோ ஒட்டியிருக்கும், துடையுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஒவ்வொரு வருகையிலும் மாற்றுங்கள்.

எறும்பு கூடு கட்டினால் ரப்பர் கிழியும், மைக் துளை அடைபடும். கட்டும் பட்டையின் இரண்டு பக்கமும் வாசலின் தடவினால் பெரும்பாலும் ஏறாது. பூச்சிமருந்தும் அந்துருண்டையும் வேண்டாம், அந்த நெடிக்கே விலங்கு விலகிப்போகும்.

கேமரா திரும்பியிருக்கிறது, உடைந்திருக்கிறது, காணவில்லை

கடைசிப் படங்களைப் பாருங்கள். தும்பிக்கையோ குரங்கின் முகமோ தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். யானை நடமாடும் பகுதியில் பட்டையை மட்டும் நம்ப முடியாது, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பருத்த மரத்தில் கட்ட வேண்டும். அப்போதும் உத்தரவாதம் இல்லை. மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

உடைத்தது ஆள் என்றால், அவர் மேல் கோபப்படுவதற்கு முன் கேமரா எந்த வழியைப் பார்த்தது என்று யோசியுங்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியைப் பற்றி 2024இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. விலங்குகளுக்காக வைத்த கேமராவில் தற்செயலாக விழுந்த ஒரு பெண்ணின் படம் உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது, ஊரார் கேமராக்களை உடைத்தார்கள். விறகுக்குப் போகும் பெண்கள் விலங்குகள் விலகட்டும் என்று உரக்கப் பாடியும் பேசியும் நடப்பது வழக்கம். கேமரா பார்க்கிறது என்ற கூச்சத்தில் அந்தக் குரல் தாழ்ந்தது, அதனால் அவர்களுக்கு ஆபத்து கூடியது. விலங்கு மேல் அக்கறை உள்ள நாம் இப்படி ஒரு காரியத்துக்குக் காரணமாகக் கூடாது. ஒதுக்குப்புறமாக ஆட்கள் ஒதுங்கும் இடம், குளிக்கும் துறை, விறகுப் பாதை எதையும் பார்க்கக் கேமராவைத் திருப்பாதீர்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடமும், களையெடுக்க வரும் அக்காமார்களிடமும் எங்கே கட்டியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விழுந்த மரநாய்ப் படத்தையும் காட்டுங்கள். இப்படிச் செய்த இடங்களில் கேமரா காணாமல் போவது குறைகிறது. தவறி விழுந்த ஆட்களின் படத்தை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு வேட்டை. கம்பிச் சுருக்கு, வலை, அவுட்டுக்காய் (விலங்கைக் கொல்ல இரைக்குள் வைக்கும் நாட்டு வெடி) என்று எது படத்தில் தெரிந்தாலும் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அவுட்டுக்காய் கிடக்கும் இடத்துக்கு நீங்கள் போகவே வேண்டாம், அது வெடிக்கும். படத்தை எடிட் செய்யாமல், நேரம் அழியாமல், கார்டோடு கொடுங்கள். எறும்புதின்னி, தேவாங்கு மாதிரி கள்ளச் சந்தையில் விலைபோகும் உயிர்களின் படத்தைப் பகிர்ந்தால் ஊர்ப் பெயரைச் சொல்லாதீர்கள். ஃபோனில் மறுபடி எடுத்து அனுப்பும் படமாக இருந்தால் இருப்பிடப் பதிவை முதலில் அணைத்துவிடுங்கள்.